உண்மை என்று நான் குத்திய முத்திரை

போன வெள்ளிக்கிழமை என் பிரிவு உபசாரத்தில், என்னோடு வேலை பார்த்த நீங்கள் மூவரும் எனக்குச் சால்வை போர்த்திப் பேசச் சொன்னீர்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேக் வெட்டும் இடத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். தணியவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்துக்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. அடுத்த மாதத்திலிருந்து நம் அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு ஒரே நொடியில் பதில் போகுமாம். செய்தி உண்மையானால் பச்சைக் குறி, பொய்யானால் சிவப்புக் குறி. பொறுப்பாளர் மகிழ்ச்சியாகச் சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. அன்று ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நம் அலுவலகத்துக்கு இரண்டே வேலை. சனிக்கிழமை மாலையில் நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம் எல்லாம் எப்படி நடக்கின்றன என்று விரும்பி வருபவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். மற்ற நாட்களில் யாராவது ஒரு வாட்ஸாப் செய்தியையோ மேடைப் பேச்சையோ கொண்டுவந்து “இது நிஜமா?” என்று கேட்டால் சரிபார்த்துச் சொல்கிறோம். மாரெட்பள்ளியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஓர் அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் பெயர், கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், நேரம் எல்லாவற்றையும் தினமும் டைரியில் எழுதி வைப்பேன். கீழே எழுதியிருப்பது அந்த டைரியைப் பார்த்து எழுதியதுதான். ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதவில்லை.

முத்திரை பற்றி உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வருவதற்கு முன்பே நான் அதை எடுத்துப் பூட்டிவிட்டேன். பொறுப்பாளரின் யோசனை அது. “நீளமா எழுதிக் குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க மேடம். ஒரு வார்த்தை போதும்” என்றார். உண்மை, பொய் என்று இரண்டு கட்டம். ஒன்றில் டிக் போட்டு, கீழே தேதியும் என் கையெழுத்தும். கொண்டுவந்த தாளின் மேலேயே குத்திக் கொடுப்போம். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கும் பிடித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வேலை சுத்தமாக முடிந்த மாதிரி இருக்கும்.

நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத் தொடர் நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. காலை பதினொன்று நாற்பது. லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை செய்யும் ஆரோக்கியசாமி வந்தார். வயது ஐம்பத்தேழரை. நாற்பது வருடத்துக்கு முன் அப்பாவோடு ஜோலார்பேட்டையிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த தமிழ்க் குடும்பம். போனில் வந்த ஒரு செய்தியைக் கீழே கடையில் பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை அறுபதிலிருந்து ஐம்பத்தெட்டாகக் குறைக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்துவிட்டது, சட்டம் வருவதற்கு முன் தாங்களாகவே ஓய்வு பெறுகிறவர்களுக்கு முழுப் பலன்கள் கிடைக்கும், பிறகு வெளியேற்றப்படுகிறவர்களுக்குப் பாதிதான்.

அன்று பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. நான் மக்களவையின் இணையதளத்தைத் திறந்தேன். தேடினேன். மசோதா இருந்தது. எண்ணோடு, தலைப்போடு, ஐம்பத்தெட்டு என்ற வயதோடு அப்படியே இருந்தது. பிரிண்ட் எடுத்து நம் கோப்பில் ஒரு பிரதி போட்டுக்கொண்டேன். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்.

“இருக்குங்க. மசோதா இருக்கு” என்றேன். “ஆனா பாதி பலன்னு போட்டிருக்கே, அது இதுல எங்கயும் காணோம்.”

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது அடுத்தவர் தன் தாளை என் கைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நான் உண்மை என்ற கட்டத்தில் டிக் போட்டு முத்திரை குத்தினேன். ஆரோக்கியசாமி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டே படி இறங்கிப் போனார். பதினொன்று நாற்பத்தாறு. ஆறு நிமிடம்.

அந்த ஒரே செய்தியில் இரண்டு கூற்றுகள் இருந்தன. சரிபார்க்க எளிதாக இருந்ததை நான் சரிபார்த்தேன். ஆளைப் பயமுறுத்திய இன்னொன்றை வாயால் முணுமுணுத்துவிட்டு விட்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே முத்திரை விழுந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் அந்த ஆறு நிமிடத்தில் செய்திருந்தேன். அது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை வகுப்பு. மசோதா என்றால் பார்க்க எப்படி இருக்கும் என்று காட்டலாம் என்று கோப்பிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். முந்தைய வாரம் மத்திய அமைச்சர்களின் பட்டியலைக் கொடுத்திருந்தேன். ஆட்டோ ஓட்டும் ஒருவர், அவ்வளவாகப் பேசமாட்டார், இரண்டு தாளையும் தொடை மேல் விரித்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தேடினார்.

“மேடம், மசோதா மேல ஒரு பேரு போட்டிருக்கு. நீங்க குடுத்த மந்திரி லிஸ்ட்ல இவரு இல்லியே?”

அமைச்சர் இல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. அரசு கொண்டுவந்தது இல்லை. அப்படிப்பட்ட மசோதாக்களை வெள்ளிக்கிழமைகளில் அறிமுகம் செய்வார்கள். பெரும்பாலானவை விவாதத்துக்கே வராமல் காலாவதியாகிவிடும். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவற்றில் ஒன்றுகூட இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வருடா வருடம் அதே அறையில், அதே பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அன்று கேள்வி “மசோதா இருக்கிறதா?” என்று வந்ததால், இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். யாருடைய மசோதா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்தப் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் படிக்கவில்லை.

வகுப்பை எப்படி முடித்தேன் என்று டைரியில் எழுதவில்லை. ஆறரைக்கு அறையைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்து லாலாகுடாவுக்குப் போனேன். ஆரோக்கியசாமியின் குவார்ட்டர்ஸ் எண் டைரியில் இருந்தது. வெறுமனே சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவர் அந்தத் தாளை வைத்து எதுவும் செய்திருக்க மாட்டார் என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி ஃபிலோமினா. உள்ளே இரண்டு அட்டைப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

“வாங்க மேடம், உக்காருங்க. அவரு கடைக்குப் போயிருக்காரு. வீடு இப்படிக் கிடக்கேன்னு பாக்காதீங்க. வர்ற திங்கள் கழிச்சு அடுத்த திங்களோட அவருக்கு சர்வீஸ் முடியுது. தானாவே ஓய்வு வேணும்னு வி.ஆர். எழுதிக் குடுத்துட்டாரு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்ல, இப்பவே கொஞ்சம் கொஞ்சமா கட்டுறோம்.”

நான் சொன்னேன். ஒன்றையும் குறைக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப அந்தச் சட்டம்?”

“வராது. பாதி பலன்ங்கிறதும் பொய்.”

“நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?”

“ஆமா.”

“இவரு குடிச்சிட்டுப் போய் எழுதிக் குடுத்தாரா? சீட்டாடிட்டு எழுதிக் குடுத்தாரா? படிச்சவங்ககிட்ட போய்க் கேட்டுட்டு வந்து எழுதிக் குடுத்தாரு. நான்கூடச் சண்டை போட்டேன், அவசரப்படாதீங்கன்னு. நீ எட்டாவது, மேடம் எவ்ளோ படிச்சவங்க, முத்திரை பாருன்னு என் வாயை அடைச்சாரு. இன்னும் ரெண்டரை வருசம் இருந்துச்சு மேடம். சொந்தமா ஒரு ஓடு போட்ட வீடுகூடக் கிடையாது எங்களுக்கு. பொண்ணு இன்டர் முதல் வருசம், அதான் பதினொண்ணாவது.”

உள்ளறையிலிருந்து மகள் வந்து நின்றாள். “ஊருகோ அம்மா” என்று தெலுங்கில் அம்மாவை அடக்கினாள். “ஆன்ட்டி வாட்ஸாப் பாத்துச் சொல்லிருப்பாங்க” என்றாள். அது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, குத்தச் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் வாட்ஸாப் பார்த்துச் சொல்லவில்லை. மக்களவையின் தளத்தைப் பார்த்துச் சொன்னேன். அதுதான் இன்னும் கேவலம்.

ஆரோக்கியசாமி பால் பாக்கெட்டோடு வந்தார். அவரிடமும் சொன்னேன். அவர் கத்தவில்லை. பால் பாக்கெட்டை மகளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் அவசர அவசரமாக அடுத்ததைச் சொன்னேன். நோட்டீஸ் காலம் மூன்று மாதம். அது முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் எழுதிக் கொடுத்தால் நோட்டீஸைத் திரும்பப் பெறலாம். ஏற்பதும் மறுப்பதும் மேலதிகாரி கையில்தான், ஆனால் கேட்க விதியில் இடம் உண்டு. தேதி தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

“யாதகிரி?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஃபிலோமினா தலையில் கை வைத்தார்.

யாதகிரி பணிமனையில் அவருடைய ஷாப்பில் பக்கத்து லேத்தில் முப்பது வருடம் நின்றவர். தெலுங்குக்காரர். ஐம்பத்தெட்டைத் தாண்டியவர் என்பதால் சட்டம் வந்தால் முதலில் தன் தலைதான் உருளும் என்று பயந்திருக்கிறார். ஆரோக்கியசாமியின் போனில் என் முத்திரையைப் பார்த்த மறுநாளே நோட்டீஸ் கொடுத்துவிட்டார். ஆரோக்கியசாமி இரண்டரை வாரம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அதனால் யாதகிரியின் மூன்று மாதம் முன்னாலேயே முடிந்துவிட்டது. எட்டு நாளுக்கு முன்பு.

“என் போனைப் பாத்துத்தான் அவன் எழுதிக் குடுத்தான் மேடம். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை போட்டு அனுப்பினோம். ஷாப்புலேருந்து கேட் வரைக்கும் மேளம். நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். இப்ப அவனை வெளிய விட்டுட்டு நான் மட்டும் போய் லேத்துல நிக்கவா? வேணாம். விடுங்க.”

“அப்ப எங்களை ரோட்டுல நிறுத்துவீங்களா?” என்றார் ஃபிலோமினா.

“நக்கோ ஃபிலோ, வேணாம். நீ பேசாத.”

நான் சொல்லச் சொல்ல ஆரோக்கியசாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பலன் பாதி என்று முதலில் எழுதி அனுப்பிய அந்தப் பெயர் தெரியாத ஆள் மேல் கோபம். நிறைவேறாது என்று தெரிந்தும் மசோதாவைப் போட்டுவிட்டு வெளியே வந்து கேமராவுக்குப் பேட்டி கொடுக்கும் உறுப்பினர்கள் மேல் கோபம். “ஓய்வு வயது குறைகிறதா?” என்று ஒரு கேள்விக்குறியைப் போட்டு நாள் முழுக்க ஓடவிட்ட சேனல்கள் மேல் கோபம். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு இல்லையாம். அரசியல் நமக்கெதற்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, ஆனால் வருகிற ஒவ்வொரு செய்தியையும் பத்துப் பேருக்கு அனுப்பும் என் சொந்தக்காரர்கள் மேல்கூடக் கோபம். ஆனால் இவர்களில் யாருமே சரிபார்த்துச் சொல்கிறேன் என்று போர்டு மாட்டி உட்காரவில்லை. நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பதுக்குப் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். நம் அலுவலகத்தின் தலைப்புத் தாளில், தகவலைத் தவறாகக் கொடுத்தது நாங்கள்தான் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன். நோட்டீஸைத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். “யாரோ சொன்னார்கள்” என்று எழுதினால் அங்கே எடுபடாது.

“மேடம், ஒரு தடவை இப்படி எழுதிக் குடுத்துட்டோம்னா, இதுவரைக்கும் நாம குத்துன ஒவ்வொரு முத்திரையையும் தூக்கிட்டு வருவாங்க.”

“வரட்டும் சார்.”

“கோர்ட்டுக்குப் போனா?”

“போகட்டும்.”

“நீங்க எமோஷனலா இருக்கீங்க. ரெண்டு நாள் போகட்டும், உக்காந்து பேசலாம்.”

“எட்டு நாள்தான் சார் இருக்கு. அதுல ரெண்டை நீங்க கேக்கறீங்க.”

அவர் கெட்டவர் இல்லை. இந்த அலுவலகத்தை ஆரம்பித்து நடத்தியவர் அவர்தான். உங்களுக்கும் எனக்கும் சம்பளம் வருவது அவர் அலைந்து திரிவதால்தான். ஆனால் நம்பிக்கை என்பதை அவர் பீங்கான் தட்டு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார், கையை எடுத்தால் உடைந்துவிடும் என்று. தலைப்புத் தாள் தர மாட்டேன் என்றார். நான் வெள்ளைத் தாள் எடுத்தேன். என் பெயர், என் முகவரி, என் பதவி. “இன்ன தேதியில் இன்னாருக்கு நான் கொடுத்த தகவல் முழுமையற்றது. அது தனிநபர் மசோதா என்பதையும், அது சட்டமாகவில்லை என்பதையும், ஓய்வுப் பலன்கள் குறையும் என்ற செய்தி பொய் என்பதையும் நான் அவருக்குச் சொல்லத் தவறினேன்.” கையெழுத்துப் போட்டேன். தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதவில்லை. தவறினேன் என்று எழுதினேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி எழுத வேண்டி வரும். அப்போது “சில புரிதல் பிழைகள் காரணமாக” என்று ஆரம்பிக்கிற கடிதத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

திங்கட்கிழமை காலை யாதகிரி வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. ஆரோக்கியசாமியின் வாயை அடைத்திருப்பது அவருடைய பெயர். அதனால் அவரிடம் போனேன். அவ்வளவுதான் என் யோசனை. அதைவிட, அவருக்கும் நான்தான் நேரில் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.

அவர் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தமிழர்களோடு பழகிப் பழகி நல்ல தமிழ் பேசுவார், நடுநடுவே இந்த ஊர் உருதுவான தக்கினி கலந்து. நான் சொல்லி முடிக்கிறவரை ஃபேனின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“க்யா மேடம், இப்ப வந்து சொல்றீங்க.”

“இப்பத்தான் தெரிஞ்சுது.”

“மூணு மாசம் கழிச்சு?”

“ஆமா.”

“எனக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?”

“விதிப்படி முடியாதுன்னுதான் படிச்சேன். எழுதிக் கேட்டுப் பாக்கலாம். நான் கூட வரேன். ஆனா நடக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“ஹவ், ஹவ்.” ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் துணியைப் போட்டார். “சாமியோடது?”

ஆரோக்கியசாமி திரும்பப் பெற மறுப்பதைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

“உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு மேடம். ரொம்ப இருக்கு. அது அப்புறம். உங்க ஆபீஸ் வரேன், அப்ப பாத்துக்கலாம். இப்ப அந்தப் பாகலை, அந்தப் பைத்தியத்தைப் பாத்துட்டு வரலாம், வாங்க.”

இரண்டு வரிசை தள்ளி ஆரோக்கியசாமியின் வீடு. அன்று வேலைக்குக் கிளம்பச் சாப்பாட்டுப் பையோடு அவர் வாசலில் நின்றார். யாதகிரி படி ஏறவில்லை. கீழே நின்றே ஆரம்பித்தார்.

“கைக்கு ரே சாமி? ஏன் வாபஸ் வாங்க மாட்டேங்கறே?”

“நீ போய்ட்டல்ல.”

“நான் போனா நீயும் வரணுமா? நாம என்ன ஜோடி மாடா? கேட் வரைக்கும் வந்து விட்ட, போதும். கேட்டுக்கு வெளிய எனக்கு உன் கம்பெனி நக்கோ.”

“யாதகிரி, என் போனைப் பாத்துத்தானே நீ…”

“ஹவ். உன் போனைப் பாத்துத்தான். அதுக்கு உன்னைத் திட்டணும்னா திட்டறேன், தினம் சாயங்காலம் வந்து நில்லு. ஆனா என் பென்ஷன் பேப்பர் உள்ள எந்த டேபிள்ல தூங்குதுன்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும் ரே. ரெண்டு பேரும் வெளிய நின்னா யாரு பாப்பான்? உன் மாமனாரா?”

உள்ளே ஃபிலோமினா சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆரோக்கியசாமி சாப்பாட்டுப் பையைத் திண்டின் மேல் வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். யாதகிரி என்னைப் பார்த்தார். நான் கைப்பையிலிருந்து, நோட்டீஸைத் திரும்பக் கேட்டு எழுதி வைத்திருந்த மனுவையும் என் கடிதத்தையும் எடுத்து நீட்டினேன். காலை ஏழு பத்து. ஆரோக்கியசாமி அந்தத் திண்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமே பணிமனையின் ஊழியர் பிரிவில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினோம். அந்தப் பிரிவில் இருந்த அம்மா என் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “இப்படி யாரும் எழுதிக் குடுத்து நான் பாத்ததில்லை” என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. முடிவு அவர் கையில் இல்லை, மேலே போக வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் போய் நின்றேன். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை மாலை நான்கு இருபதுக்குப் போன் வந்தது. ஃபிலோமினா.

“வந்திருச்சு மேடம். ஏத்துக்கிட்டாங்க.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

யாதகிரியின் பெயரிலும் ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். ஓய்வு நடைமுறைக்கு வந்துவிட்டதால் ஏற்க இயலாது என்று பதில் வந்தது. இரண்டே வரி. விதிப்படி அது சரியான பதில். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் முத்திரை குத்தவில்லை. பொறுப்பாளரோடு இதற்காக ஒரு வருடம் சண்டை. யார் என்ன கேட்டாலும் ஒரு அரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இது யார் சொன்னது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இதில் எது உண்மை, எது எனக்குத் தெரியாது என்று. கூட்டம் குறைந்தது. ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் பார்க்க முடியவில்லை. பொறுப்பாளர் மாதா மாதம் அந்த எண்ணிக்கையை என் முன்னால் வைத்தார். பச்சையும் சிவப்பும் வருவது இதனால்தான். உங்களிடம் அந்த எண்ணிக்கையை வைக்கும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் இருப்பது சுலபம். நான் மூன்று மாதம் அப்படித்தான் இருந்திருக்கிறேன், தெரியாமலேயே.

யாதகிரி சொன்னபடி வந்தார். ஜனவரியில் ஒரு புதன்கிழமை, பன்னிரண்டு ஐந்துக்கு. நீலச் சட்டை, தோளில் பட்டை, கையில் தொப்பி. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிற வழி. முப்பது வருடம் லேத்தில் இரும்பைக் கடைந்த ஆள் இப்போது லாரி நம்பர் எழுதுகிறார். பெஞ்சில் யாரும் இல்லை. என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். திட்டு வாங்க வேண்டியது என் கடமை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

“சொல்லுங்க மேடம்” என்றார்.

“என்ன சொல்ல?”

“அந்த மசோதான்னா என்ன? அது எப்படி சட்டமாகும்? முதல்லேருந்து சொல்லுங்க. எனக்கு யாரும் சொன்னதில்லை.”

சொன்னேன். அமைச்சர் கொண்டுவரும் மசோதாவுக்கும் மற்ற உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னேன். அறிமுகம் என்றால் மேசையில் வைப்பதுதான், அதை யாரும் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் இல்லை என்று சொன்னேன். மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவரின் ஒப்புதல், அரசிதழ், நடைமுறைக்கு வரும் தேதி. ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். மேலவை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பது ஒன்று. தேதி போடாமல் சட்டம் கிடக்குமா என்பது இன்னொன்று. பதில் சொன்னேன். புரிந்துகொண்டார். அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி, அம்புக்குறி மேலேயே விரலை வைத்து ஒவ்வொன்றாக மேலே போய்ப் பார்த்தார். அறிமுகம் என்ற இடத்தில் விரல் நின்றது.

“நம்ம மசோதா இங்கயே நின்னுடுச்சு.”

“ஆமா.”

“இதுக்கு மேல போகவே இல்ல.”

“போகல.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். கோபம் எங்கே என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

“பதினோரு நிமிஷம் ஆச்சு மேடம். அவ்ளோதான்” என்றார். “இதை அன்னைக்கு சாமிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா, அவன் வந்து எனக்குச் சொல்லியிருப்பான்.”